முதலில் கேள்வியை மூடு

நோட்ஸைப் பிரித்ததும் உன் தோல் துண்டு மடியில் விழுந்தது. சிவப்புச் சாயம் ஏற்றிய கன்றுத் தோல். விரல் அகலம், ஒரு சாண் நீளம். எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோல் வாசனையே தெரியாது, பிறந்ததிலிருந்து பழகிப்போனது என்று வெளியூர் டீச்சர்கள் சொல்வார்கள். எனக்கு இது தெரிகிறது. தோல் பதனிடும் டேனரி பக்கம் காற்று திரும்பும்போது வருகிற ஈரத்தோல் நாற்றம் இல்லை. சாயமும் பசையும் காய்ந்த பிறகு வருகிற வாசனை. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உன்னிடமிருந்து வந்த வாசனை.

நாளைக்கு இங்கிலீஷ் ரெண்டாம் பேப்பர். அம்மாவும் அப்பாவும் கூடத்தில் தூங்குகிறார்கள். நான் சமையல்கட்டில் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, படிப்பது போல நோட்ஸைத் திறந்து வைத்து, அதன் மேல் ரஃப் நோட்டில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா எழுந்து வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைய பரீட்சையை நினைத்தும் பயம்தான். ஆனால் அது சின்னப் பயம். பெரியது வேறு. நீ இருந்தால் உன்னிடம் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. உனக்கே தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் நீ மாதனூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது நான் வகுப்பு லீடர். காலையில் பிரேயருக்கு முன்னால் எல்லாரும் இங்கிலீஷ் பதில்களை ஒப்பிக்க வேண்டும். டீச்சருக்கு அறுபது பேரையும் கேட்க நேரம் ஏது? நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் கேட்பேன். ஒரு வார்த்தை விட்டாலும் பெயரைப் பலகையில் எழுதுவேன். பலகையில் பெயர் இருந்தால் முதல் பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வேண்டும். உன் பெயரை முதல் வாரத்தில் ஐந்து நாளும் எழுதினேன்.

நீ மறந்துபோய் நிற்கவில்லை. மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னையே கேட்பாய்.

"இதுக்கு இன்னாடி அர்த்தம்?"

"அர்த்தம்லாம் கேக்கக்கூடாது. மேல சொல்லு."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

"தெர்லன்னா தெர்லன்னு சொல்லு, லீடரு. வராந்தால காத்து நல்லாத்தான் வருது, நான் போறேன்."

போய்விட்டாய். எனக்குத் தெரியாது என்று அன்றைக்கே நீ கண்டுபிடித்துவிட்டாய். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இங்கிலீஷில் எண்பத்தெட்டு வாங்குகிறவள். கமா முதற்கொண்டு ஒப்பிக்கிறவள். வரிக்கு வரி வாயில் இருக்கும். அது எதைப் பற்றியது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

கட்டுரை விஷயம் ஞாபகம் இருக்கிறதா? "என் தந்தை" என்று கால் பரீட்சையில் வந்தது. நோட்ஸில் இருந்த கட்டுரையில் தந்தை ஒரு டாக்டர். காலையில் காபி குடித்துக்கொண்டே செய்தித்தாள் படிப்பார், ஏழை நோயாளிகளிடம் அன்பாக இருப்பார், மாலையில் காரில் கடற்கரைக்கு அழைத்துப்போவார். நம் வகுப்பில் ஐம்பத்தொன்பது பேருக்கு அப்பா டாக்டராகிவிட்டார். ஆம்பூரில் ஏது கடற்கரை? பாலாற்றில் மணல்தான் இருக்கிறது. அப்பாவே இல்லாத எஸ்தருக்கும் அன்றைக்கு ஒரு டாக்டர் அப்பா கிடைத்தார். ஐந்து மதிப்பெண்ணுக்கு நான்கரை.

நீ மட்டும் உன் அப்பாவை எழுதியிருந்தாய். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலைத் தூக்குகிறார். விரல்கள் வெள்ளையாகவும் மெலிந்தும் இருக்கின்றன. சாப்பிடும்போது சோற்றைத் தொடாமல் கரண்டி கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு என் பக்கத்தில் உட்காருகிறார். ஆறே ஆறு வாக்கியம். பாதி வாக்கியத்தில் பிழை. டீச்சர் ஒன்று போட்டு, "நோட்ஸைப் பார்த்துத் திருத்தி எழுது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். இருபத்தேழு மார்க் உனக்கு. ஃபெயில்.

"நோட்ஸைப் பாத்து எங்கப்பாவ எப்டிடி திருத்துறது?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்பதை நீ சொன்னபோது நான் நம்பவில்லை. உன் சித்தப்பா ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமைப் பெருக்குகிறவர். வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வருகிற ஷூக்களுக்குள் வடிவம் கெடாமல் இருக்கக் காகிதத்தைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அந்தக் காகிதத்தை அவர் உனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். சுடுதண்ணீர் ஊற்றிய சொம்பால் நீ அதைத் தேய்த்து நீவி மடித்து வைத்துக்கொள்வாய். அந்த ஊர்ச் செய்தி, விளம்பரம், சமையல் குறிப்பு, காணாமல்போன நாயைத் தேடி யாரோ கொடுத்த அறிவிப்பு.

"புல்லு வெட்டறதுக்குன்னு ஒரு வண்டியாம்டி, அத தள்ளிக்கினே போவணுமாம். வெட்டுன புல்ல இன்னா பண்றாங்கன்னு ஒரு வரிகூட போடல. அந்த ஊர்ல மாடு இல்லியா?"

உன்னிடம் ஒரு டிக்ஷனரி இருந்தது. பழைய பேப்பர் கடையில் எடுத்தது. முன்னட்டை இல்லை, முதல் மூன்று எழுத்துக்கான பக்கங்களும் இல்லை. டி எழுத்தில்தான் ஆரம்பிக்கும். "ஏ, பி, சி மூணும் எனக்கு கெடையாது. அந்த மூணுல ஒரு வார்த்த வந்துச்சுன்னா, முன்னாடி இன்னா நடந்துது, பின்னாடி இன்னா நடக்குதுன்னு பாத்து நானா கண்டுபுடிச்சிக்கணும்" என்றாய். முழு டிக்ஷனரி வாங்கித் தர என் அப்பா தயாராக இருந்தார். நான்தான் வேண்டாம் என்றிருந்தேன். நோட்ஸ் இருக்கும்போது அது எதற்கு?

பத்தாம் வகுப்பில் டீச்சர் நம் இருவரையும் ஒரே பெஞ்சில் போட்டார். "ஃபர்ஸ்ட் ரேங்க்கோட உக்காந்தா உனக்கும் கொஞ்சம் ஒட்டும்" என்றார் உன்னிடம். ஒட்டியது எனக்கு.

நோட்ஸில் இல்லாதது ஒன்றுதான். தெரியாத பத்தி ஒன்றைக் கொடுத்து, அதன் கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. அந்த வழியை வகுப்பு முழுவதற்கும் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பத்தியைப் படிக்கக்கூடாது, நேரம் வீண். கேள்வியைப் படி. கேள்வியில் இருக்கிற பெரிய வார்த்தையைப் பிடி. அதே வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. பத்துக்கு ஏழு, எட்டு வந்துவிடும். ஒரு பத்தியைக்கூடப் படிக்காமல் ஒன்பது வருஷம் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியிருக்கிறேன்.

நீ அதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் என் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாய். கேள்விகள் மேல் உன் உள்ளங்கையை வைத்து மூடினாய். கையில் ஊறுகாய் எண்ணெய். அந்தப் பக்கத்தில் இன்னும் உன் கை இருக்கிறது.

"மொதல்ல கேள்விய மூடு. கேள்விய பாத்துட்டா கத உங்கிட்ட வராது. கதயில யாரு இருக்காங்க, இன்னா ஆச்சி அவங்களுக்கு, அத மட்டும் சொல்லு. பக்கத்து வூட்டு சேதி மாரி சொல்லு."

"டைம் ஆகுதுடி."

"பக்கத்து வூட்டு சண்டைக்கு மட்டும் டைம் கெடைக்குதா?"

அன்றிலிருந்து தினமும் ஒரு பத்தி. எந்த ஊர்க் கதையாக இருந்தாலும் நீ அதை மாதனூருக்குக் கொண்டுவந்துவிடுவாய். கப்பல் மாலுமி ஒடுகத்தூர் பஸ் கண்டக்டர் ஆவார். ராஜா டேனரி மேஸ்திரி ஆவார். "மேஸ்திரிக்கு ஜாஸ்தி கோவம். ஆனா பாரு, அந்த வேலைக்காரன அனுப்பிட்டு அவரே போய் கதவ திறக்குறாரு. ஏன்? நீ சொல்லு." நான் சொல்வேன். தப்பாக இருந்தால் "கம்மியா யோசிக்கிற" என்று தலையில் தட்டுவாய். கதை புரிந்துவிடும். ஆனால் நீ சொன்னால்தான் புரியும். தனியாக உட்கார்ந்தால் என் கை தானாகவே கேள்விக்குப் போய் வார்த்தையைத் தேட ஆரம்பிக்கும். ஒன்பது வருஷப் பழக்கம்.

இனி எழுதப்போவதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் எழுதமாட்டேன்.

அரையாண்டுப் பரீட்சை. எனக்குப் பின்னால் நீ. அன்றைய பத்தி ஒரு ரயில்வே கேட்காரனைப் பற்றியது. தினமும் இரவு எட்டு மணிக்கு வேலையை முடித்து வீட்டுக்குப் போகிறவன். ஒரு நாள் பெரிய மழை. ஆற்றுப்பாலத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்க்கிறான். சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் போய் நிற்கிறான். விடிந்ததும் மனைவி சோறு எடுத்துக்கொண்டு வருகிறாள். நல்ல வெயில். அவன் கையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான் பத்தி. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான்தான் படிக்கவில்லையே.

நான்காவது கேள்வி: அன்றிரவு அவன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? நான் வார்த்தையைத் தேடினேன். இரவு, வீடு, இரண்டும் ஒரே வரியில் இருந்தன. எழுதினேன்: அவன் தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போவான்.

எழுதிய பிறகு, உன்னோடு உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, அந்த வரி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏன் போகவில்லை என்று கேட்டால் தினமும் போவான் என்கிறேன். அடித்தேன். ஐந்தாவது கேள்வி: விடிந்த பிறகும் விளக்கு ஏன் எரிந்தது? பத்தியில் அதற்கு வரியே இல்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம். திரும்பி உன்னைப் பார்த்தேன்.

நீ பேப்பரை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாய். முகத்தை மட்டும் சுளித்தாய். நான் இரண்டு பதிலையும் பார்த்து எழுதினேன். நான்காவதற்கு, பாலம் உடைந்திருந்தது, ரயில் வருகிறது, அவனைத் தவிர அங்கே யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய். ஐந்தாவதற்கு இங்கிலீஷில் நான்கே வார்த்தையில் ஒரு சின்ன வாக்கியம். அவன் சூரியனை மறந்துவிட்டான்.

அப்படி ஒரு வாக்கியத்தை எந்த நோட்ஸும் எழுதாது. அறுபது பேப்பரில் இரண்டில் மட்டும் அது இருந்தது.

டீச்சர் இரண்டு பேப்பரையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நம்மைக் கூப்பிட்டார். முதல் ரேங்க் ஒருத்தி, ஃபெயிலாகிறவள் ஒருத்தி. யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் கேட்டார்.

"லீடர், நீ சொல்லு. இவ உன் பேப்பரைப் பாத்தாளா?"

நான் தரையைப் பார்த்தேன்.

என்னை வேலூருக்கு நர்ஸ் படிக்க அனுப்ப வேண்டும் என்று அம்மா வெள்ளைப் புடவைவரை முடிவு செய்துவிட்டாள். லீடரே காப்பியடித்தாள் என்றால் அப்பா அடுத்த நாளே என் பெயரை ஷூ கம்பெனியில் வேலைக்குக் கொடுத்துவிடுவார். இதெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். அவ்வளவுதான்.

"டீச்சர்" என்றாய் நீ. "அந்தப் பாரால இருந்து எங்கள இன்னா வேணா கேளுங்க. ரெண்டு பேரையும் கேளுங்க."

"காப்பியடிச்சதும் இல்லாம எதிர்த்து வேற பேசறியா?"

ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேட்காரன் சூரியனை எப்படி மறந்தான் என்று கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய், நான் திருதிருவென்று விழித்திருப்பேன். என் பேப்பரில் நான்காவது பதிலை அடித்துத் திருத்தியிருந்தது. உன் பேப்பரில் அடித்தலே இல்லை. அதையும் அவர் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? அந்தக் கேள்வியின் மதிப்பு அந்த அறையில் என்னைப்போல் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் பேப்பருக்குப் பூஜ்யம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் வேலையிலிருந்து நேராக வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். நீ கட்டுரையில் எழுதிய விரல்களை அன்றுதான் பார்த்தேன்.

"எம்பொண்ணு பொய் சொல்லமாட்டாம்மா" என்றார் முதலில். பிறகு டீச்சர் இரண்டு பேப்பரையும் காட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. ஒன்று போல் இருக்கும் இரண்டு வரிகளை மாறி மாறிப் பார்த்தார். "படிப்பு ஏறலன்னா உட்டுடுங்க. திருடி எழுதி பாஸ் பண்ணி இன்னா ஆவப்போது?" உன் பேப்பரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கைநாட்டு வைத்தார். சுண்ணாம்பில் ரேகை தேய்ந்து, அது வெறும் நீல வட்டமாகத்தான் விழுந்தது.

நீ கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாய். விடுமுறை விடும்வரை என்னோடு பேசவில்லை. ஒருநாள் வந்து, நம் மேசைக்குள் இருந்த உன் டிக்ஷனரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய். பொங்கலுக்குப் பிறகு நீ வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஷூ கம்பெனி பஸ் ஒன்று நின்றிருந்தது. ஜன்னலில் உன் முகம். தலையில் துணி கட்டியிருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடப் பார்த்தேன். நீதான் கூப்பிட்டாய்.

"ஏய் லீடரு! காது கேக்கலியா?"

வந்தேன். ஜன்னல் உயரமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன்.

"பெரிய பரீட்ச எப்போ?"

"இன்னும் ஒன்றர மாசம்."

"யாருடி இப்ப உனக்கு கத சொல்றா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். ஆனால் அந்தச் சிரிப்பில் முள் இருந்தது. இருந்திருக்க வேண்டும். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் "யாரு இது, உன் தோஸ்தா?" என்று கேட்டார்கள். நீ பைக்குள் கையை விட்டுத் துழாவினாய். நான் சொல்ல வேண்டியதை நாக்கின் நுனிவரை கொண்டுவந்தேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நீ எதையோ ஜன்னல் வழியாகப் போட்டாய். இந்தச் சிவப்புத் துண்டு.

"கட்டிங்ல மிச்சம். பொஸ்தகத்துல வச்சிக்கோ. எதுவர படிச்சன்னு தெரியும்!"

எதுவரை படித்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல, அடுத்த வாரம் மாதனூர் பஸ் ஏறி உன் வீட்டுக்கே வருவது என்று நினைத்தேன். அடுத்த வாரம் கணக்கு டெஸ்ட் இருந்தது. அதற்கடுத்த வாரம் ரிவிஷன் பரீட்சை.

ரிவிஷன் இங்கிலீஷ் பரீட்சையன்று காலையில் குழாயடியில் எஸ்தர்தான் சொன்னாள். உனக்கு மஞ்சள் காமாலையாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்களாம். கண் மஞ்சளான பிறகுதான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். "நேத்தே எடுத்துட்டாங்களாம்டி" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. எதை எடுத்தார்கள் என்று கேட்டேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. நாங்கள் உள்ளே போனோம்.

அந்தப் பரீட்சையை எப்படி எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பத்தி வந்தது. என் கண் பழக்கத்தில் நேராகக் கேள்விக்குப் போனது. இடது கையை எடுத்துக் கேள்விகள் மேல் வைத்தேன். ரயிலில் சீப்பு விற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அவளை மாதனூர்க்காரியாக ஆக்கிக்கொண்டேன். உனக்குச் சொல்வது போல வாய்க்குள் சொன்னேன். இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. இரண்டும் பி-யில் ஆரம்பிப்பவை. உனக்கும் தெரிந்திருக்காது. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஒன்று பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் தனியாகப் படித்து முடித்த முதல் இங்கிலீஷ் கதை அதுதான். பத்துக்கு ஆறு. அதில் நேரம் போய், ஒரு கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாம் ரேங்க். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று மதியம் நாளைய பேப்பரில் சந்தேகம் இருந்தால் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் போன பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். இங்கிலீஷ் டீச்சர் தனியாக இருந்தார்.

"இன்னா, சந்தேகமா? ஒப்பிச்சுப் பாத்தியா எல்லாத்தையும்?"

"டீச்சர், அரையாண்டு பரீட்சையில நான்தான் அவ பேப்பரைப் பாத்து எழுதினேன்."

எந்த அவள் என்று அவர் கேட்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்த பேப்பர்கள் கட்டாக இருந்தன. உன்னுடையதைத் தேடி எடுத்தார். என்னுடையதையும் எடுத்தார். என் அடித்தல்மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தக் கேட்காரன் ஏன் நின்னான்?"

சொன்னேன். ரிவிஷனுக்குப் பிறகு அந்தக் கேள்வித்தாளை எடுத்து, பத்தியை முழுக்கப் படித்திருந்தேன். பாலம், மழை, வரப்போகும் ரயில், வேறு ஆளில்லாதது. விடிந்தது அவனுக்குத் தெரியாமல் போனது ஏன் என்று சொன்னேன். ரயிலையே எதிர்பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்தது எப்படித் தெரியும்? நீ டிசம்பரில் சொல்லியிருக்கக்கூடியதை நான் ஏப்ரலில் சொன்னேன். டீச்சர் உன் பேப்பரில் அந்த வரியை மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். "ஹி ஃபர்காட் தி சன்." இன்னொரு தடவையும் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எதுவும் எழுதாமல் மூடினார். உன் பேப்பரைக் கட்டில் திரும்ப வைக்கவில்லை. நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்று மட்டும் சொன்னார். வாசல்வரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அவர் என் வீட்டில் சொல்வாரா, மாட்டாரா, தெரியவில்லை. அப்பா ஒவ்வொரு தடவை இருமும்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நாளைக்கு எனக்கு எண்பத்தெட்டு வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தியைப் படிப்பேன். "என் தோழி" என்று கட்டுரை வந்தால், நோட்ஸில் இருக்கிற வக்கீல் மகள் எனக்கு வேண்டாம். பிழையோடு எழுதுவேன். வேலூர் கிடைக்குமா, கம்பெனி பஸ் கிடைக்குமா என்று பிறகுதான் தெரியும். கம்பெனி பஸ் என்றால் உன் ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குவேன். சிரிக்காதே.

பரீட்சை முடிகிற அன்று சாயங்காலம் மாதனூர் வருகிறேன். எஸ்தரிடம் வழி கேட்டு வைத்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து இடது பக்கம், நிலக்கடலைக் கொல்லையைத் தாண்டி மூன்றாவது வீடு. உன் அப்பா, தன் மகள் திருடி எழுதினாள் என்று நினைத்துக்கொண்டே உன்னை மண்ணில் வைத்திருக்கிறார். எனக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான். அவரிடம் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக ஒப்பித்துப் பார்க்கிறேன். இதற்கு எந்த நோட்ஸிலும் பதில் இல்லை.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார். இப்போது எதற்கு வந்தாய் என்று கேட்பார். என் மகள் உனக்கு என்ன செய்தாள் என்று கேட்பார். கேட்கட்டும். அந்தக் கேள்விகளை எல்லாம் இப்போதைக்கு உள்ளங்கையால் மூடி வைத்திருக்கிறேன். முதலில் கேட்காரன் கதையை அவருக்குச் சொல்லப்போகிறேன். பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி, நீ சொல்கிற மாதிரி. அந்தக் கடைசி வரி யாருடையது என்று அதற்குப் பிறகு சொல்வேன்.